பல் பதிந்த கட்சினா

என் பெயர் சூசையம்மாள், தகப்பனார் பெயர் மரியதாஸ். வயது ஐம்பத்தேழு. காலஞ்சென்ற அந்தோணியின் மனைவி. பிறந்தது பெக்கோக் தோட்டத்தில். தற்சமயம் ஜொகூர் பாரு, தம்போயில், வரிசை வீடுகளில் மூலை வீட்டில் குடியிருக்கிறேன். தொழில் பிள்ளை பார்ப்பது. அடையாள அட்டையைக் காட்டினேன், சரிபார்த்துத் திருப்பித் தந்தார்கள். எனக்கு மலாய் தெரியும், ஆனால் கோபம் வந்தால் தமிழ்தான் வாயில் வரும் என்பதால் தமிழிலேயே சொல்ல அனுமதி கேட்டேன். போலீஸ் சார்ஜன் மதிவாணன் நான் சொல்வதைத் தமிழிலேயே எழுதிக்கொள்கிறார். என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள். கோப்பையின் விளிம்பில் யாருடைய உதட்டுக் கறையோ இருந்ததால் குடிக்கவில்லை.

டெஸ்மண்ட் என் மேல் கொடுத்திருக்கும் புகார், நான் அவன் கடையிலிருந்து ஒரு பழைய மரப் பொம்மையைப் பலவந்தமாக எடுத்துப் போனேன், அதை உடைத்தும்விட்டேன் என்பது. எடுத்தது உண்மை. உடைந்ததும் உண்மை. பழைய பொம்மை என்பது மட்டும் பொய். ஏன் எடுத்தேன் என்றால், நான் பார்த்துக்கொண்ட பதினொரு மாதக் குழந்தை யஷ்வினி இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் கையில் குழாயோடு படுத்திருக்கிறாள். அவள் ரத்தத்தில் ஈயம் கலந்திருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் டாக்டர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அதனால் எடுத்தேன். சார்ஜன் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லச் சொன்னார், சொல்கிறேன்.

தம்போயில் ஒரு தனியார் கிளினிக்கில் பல வருடம் உதவியாளராக வேலை செய்தேன். அதை மூடிய பிறகு, வீட்டிலேயே பிள்ளை பார்க்கத் தொடங்கினேன். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் தாய்மார்கள் விடிவதற்கு முன்பே பாலம் தாண்டவேண்டும், அவர்களுடைய பிள்ளைகள்தான் என்னிடம் இருப்பார்கள். இந்த வருடம் ஐந்து பிள்ளைகள். அவர்களில் சின்னவள் யஷ்வினி. அவள் அம்மா தேன்மொழி, மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. என்னிடம் பிள்ளை விடுகிறவர்கள் என் வாய்க்காக விடுவதில்லை, என் வீட்டுச் சுத்தத்துக்காக விடுகிறார்கள். பால் புட்டியைக் கொதிக்கவைக்காமல் கொடுத்ததில்லை. எச்சில் துணியையும் முகம் துடைக்கும் துணியையும் ஒரே வாளியில் போட்டதில்லை. எனக்கு எச்சில் பிடிக்காது. பிள்ளைகளின் எச்சில்கூடப் பிடிக்காது, ஆனால் அது என் வேலை என்பதால் துடைப்பேன். துடைத்த பிறகு கை கழுவுவேன். இதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

டெஸ்மண்ட் என் கணவரின் தங்கை மகன். வயது முப்பத்தாறு. அவனுடைய தாயார் இறந்த பிறகு என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். பட்டறைகள் இருக்கும் வரிசையில் மேல்மாடியில் ஒரு கடை வைத்திருக்கிறான். கடை என்றால் ஆள் வந்து வாங்கும் கடை இல்லை, எல்லாம் கணினியில்தான் விற்பனை. வெளிநாட்டுப் பழம்பொருள் என்று சொல்வான். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் சிரிப்பான். உள்ளூரிலேயே செய்து வெளிநாட்டுக்காரனுக்கே விற்கிறான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தைப்பூசம் முடிந்த சமயம் அவன் ஒரு பையில் மரப் பொம்மைகள் கொண்டுவந்தான். என் கை நீளம்கூட இல்லை. தட்டையான பலகை போன்ற உடம்பு, கை கால் கிடையாது. வெள்ளை முகம், இரண்டு கன்னத்திலும் சிவப்பு வட்டம், உடம்பு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும் பட்டையாக இருந்தது. எடை ஒன்றுமே இல்லை, காய்ந்த சுரைக்காய் மாதிரி இருந்தது. என்ன இது என்று கேட்டேன். அமெரிக்காவில் ஹோப்பி என்று ஒரு ஜனம், வறண்ட மலைப்பகுதியில் சோளம் பயிரிட்டு வாழ்கிறவர்கள், அவர்களுக்கு மழை கொண்டுவரும் தெய்வ உருவங்கள் கட்சினா, அந்தக் கட்சினாவின் வடிவத்தில் பொம்மை செதுக்கித் திருநாளில் பெண் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள் என்றான். கட்சினா வேடம் போட்டு ஆடுகிறவர்களே கொண்டுவந்து கொடுப்பார்களாம். இந்தத் தட்டைப் பொம்மை எல்லாக் கட்சினாக்களுக்கும் தாய் போன்றவளாம், பிறந்த குழந்தைக்கு முதலில் கொடுப்பது இதுதானாம். பிள்ளை நன்றாக வளரவேண்டும் என்று கொடுப்பது. எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் கோயிலில் ஞானஸ்நானத்துக்கு ஜெபமாலை கொடுப்பதுபோல் என்று நினைத்துக்கொண்டேன். அதனால்தான் வாங்கி வைத்தேன்.

"அத்தை, பிளாஸ்டிக்கு சாமான் வேணாம் லா, உடம்புக்குக் கெடுதி. இது மரம். பிள்ளைங்க நல்லா விளையாடட்டும், வாயில வச்சாலும் ஒன்னும் ஆகாது" என்றான். பிள்ளைகள் மேல் அவனுக்கு இவ்வளவு அக்கறையா என்று அப்போது மனம் குளிர்ந்தது.

அதன் பிறகு முதல் வாரம் நான் அந்தப் பொம்மைகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவினேன். பெயிண்ட் கொஞ்சம் போய்விட்டது. அடுத்த வாரம் டெஸ்மண்ட் வந்து பார்த்துவிட்டு, நான் அவன் தலையில் கல்லைப் போட்டதுபோல் கத்தினான்.

"அலமாக்! சாபுன் போட்டுட்டீங்களா? யாரு அத்தை உங்களைக் கழுவச் சொன்னது?"

"எச்சி ஒழுகிக்கிட்டு இருக்கிறதைக் கழுவாம, மாலை போட்டுக் கும்பிடவா சொல்ற?"

"காஞ்ச துணியால தொடைங்க, போதும். எச்சி இருந்தா பரவால்ல."

எச்சில் இருந்தால் பரவாயில்லை என்று என் வீட்டில் நின்று யாரும் சொன்னதில்லை. அதற்குப் பின்னும் அவன் பேச்சைக் கேட்டேன், ஏனென்றால் பிள்ளைகள் அந்தப் பொம்மையை விடமாட்டேன் என்றார்கள். முக்கியமாக யஷ்வினி. அவளுக்குக் கீழே இரண்டு பல் முளைத்துக்கொண்டிருந்தது, ஒன்று நேராக, ஒன்று சற்றுச் சாய்ந்து. தூங்கும்போதுகூட அந்தப் பொம்மையின் தலையைக் கடித்துக்கொண்டே தூங்குவாள். அவள் மோவாயில் சிவப்பாக ஒட்டியிருக்கும், நான் துடைப்பேன். டெஸ்மண்ட்டிடம் கேட்டபோது தண்ணீர்ப் பெயிண்ட்தான், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பூசுவது என்றான்.

அதன் பிறகு சில வாரத்துக்கு ஒருமுறை அவன் வந்து நன்றாகக் கடிபட்ட பொம்மைகளை எடுத்துக்கொண்டு புதியவை கொடுத்துவிட்டுப் போனான். யஷ்வினியின் பொம்மையை மட்டும் மாற்ற முடியவில்லை, எடுத்தால் ஊரைக் கூட்டுவாள். எடுத்துப் போகும் பொம்மைகளை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். விரலால் பல் தடத்தைத் தடவுவான். ஒருநாள் எச்சில் காயாத பொம்மையை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தான். "நல்லா வந்திருக்கு" என்றான். பொம்மை எப்படி நல்லா வரும், அது என்ன ஊறுகாயா என்று கேட்டேன். இன்னொரு நாள், பிள்ளைகளுக்குப் பசி எடுக்கும் நேரத்தில் கஞ்சி கொடுப்பதற்கு முன் பொம்மையைக் கொடுக்கச் சொன்னான், விளிம்பில் கொஞ்சம் டின்பால் தடவினால் அந்த இடத்தில் நன்றாகக் கடிப்பார்கள் என்றும் சொன்னான்.

"நாய்க்குட்டிக்கு எலும்பு போடற மாதிரியாடா நான் பிள்ளை வளக்கறேன்? வெளிய போ" என்றேன். போனான். அடுத்த முறை கொண்டுவந்த பொம்மைகளின் தலை விளிம்பு பிசுபிசுவென்று இருந்தது. எறும்பு மொய்த்ததால்தான் எனக்குத் தெரிந்தது. தேன் தடவிக் கொண்டுவந்திருந்தான். அன்றோடு எல்லாப் பொம்மையையும் பையில் போட்டு, இனிமேல் என் வீட்டுக்கு ஒரு சாமானும் கொண்டுவராதே என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். யஷ்வினியின் கையிலிருந்து அதைப் பிடுங்கியபோது அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. பிடுங்கியது சரி, ஆனால் அதற்குள் வேலை முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு பள்ளி விடுமுறை வந்தது. அந்தச் சமயத்தில்தான் யஷ்வினி சரியாகச் சாப்பிடாமல் போனாள். பால் குடித்தால் வாந்தி எடுத்தாள். மலம் போகவில்லை. தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை தவழாமல் ஓர் இடத்தில் உட்கார்ந்து சிணுங்கினாள். முகம் வெளுத்துவிட்டது. பல் முளைப்பதால் இருக்கும் என்று வேறொரு கிளினிக்கில் சொன்னார்கள், மருந்து கொடுத்தார்கள். ஒருநாள் என் மடியில் இருக்கும்போதே கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தது. கிளினிக்கில் வேலை செய்தபோது நான் பார்த்த வலிப்புகள் உண்டு, ஆனால் அவை என் மடியில் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தேன்மொழி சிங்கப்பூரிலிருந்து பாலத்து நெரிசலில் மாட்டி வந்து சேர மாலை ஆகிவிட்டது.

ரத்தம் சோதித்துவிட்டு, ஈயம் அதிகமாக இருக்கிறது என்று டாக்டர் அம்மா சொன்னார். வீட்டில் பழைய பெயிண்ட் உதிர்கிறதா, நாட்டு மருந்து கொடுத்தீர்களா, கண்மை என்ன வகை, எந்தப் பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், இங்கே சுத்தம் செய்து அனுப்பினாலும் பிள்ளை திரும்பப் போய் அதையே வாயில் வைக்கும், அடுத்த தடவை மூளையைப் பாதிக்கும் என்றார். அப்போது தேன்மொழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, என் பிள்ளைக்கு என்னா கொடுத்தீங்க? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க ஆன்ட்டி. நான் சண்டை போட மாட்டேன். டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடுங்க."

அவள் கத்தியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன். கெஞ்சினாள். வீட்டுக்குப் போய் என் பானை, சட்டி, கரண்டி, ஓமத் தண்ணீர் போத்தல், பிள்ளைகளுக்குப் போடும் பவுடர் எல்லாவற்றையும் கூடையில் அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். என் பாத்திரத்தைப் பார்த்து யாரும் சந்தேகப்பட்டதில்லை, அன்று நானே தூக்கிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் சோதித்தார்கள், ஒன்றிலும் ஈயம் இல்லை. அதற்குப் பிறகுதான் மோவாயில் ஒட்டியிருந்த சிவப்பு என் நினைவுக்கு வந்தது.

டெஸ்மண்ட்டுக்குப் போன் செய்தேன். பொம்மை எல்லாம் விற்றுப்போய்விட்டது, அதில் ஒன்றும் இல்லை, வேறு எங்கேயாவது பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டான். மறுநாள் காலை ஒன்பது மணி போல் நானே அவன் கடைக்குப் போனேன். டெஸ்மண்ட் அப்போது இல்லை. உள்ளே மணியம் என்பவர் தரையில் உட்கார்ந்து பொம்மைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். மணியம் ரெங்கம் ஊர்க்காரர், கோயில் கோபுரங்களுக்கு வண்ணம் அடிக்கிறவர், கோயில் வேலை இல்லாத மாதங்களில் டெஸ்மண்ட்டிடம் வேலை செய்கிறார். சுவரோரம் செதுக்கிய புலாய் மரத் துண்டுகள் குவிந்திருந்தன. அசல் பொம்மையை ஹோப்பி ஜனங்கள் காட்டன்வுட் என்ற மரத்தின் வேரில் செதுக்குவார்களாம், அதேபோல் எடையில்லாத மரம் என்பதால் நம் ஊர் புலாயை எடுத்திருக்கிறான். மூலையில் ஒரு தகரத்தில் புகை போட்டுச் சில பொம்மைகளைப் பழசாகத் தெரியும்படி கருக வைத்திருந்தார். மேசையில் கணினி திறந்திருந்தது.

கணினியில் யஷ்வினியின் பொம்மை இருந்தது. முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம், தலை விளிம்பை மட்டும் பெரிதாக்கி ஒரு படம். இரண்டு பல் தடம், ஒன்று நேராக, ஒன்று சாய்ந்து. அந்தப் பல்லைத் தினமும் ஈரத்துணியால் துடைத்தவள் நான், எனக்குத் தெரியாதா? மருந்துப் போத்தல் படித்துப் பழகிய ஆங்கிலம் எனக்கு உண்டு. கீழே எழுதியிருந்ததன் பொருள் இது: பழைய ஹோப்பித் தொட்டில் பொம்மை, பல் முளைக்கும் பருவத்தில் ஒரு ஹோப்பிப் பெண் குழந்தை ஆசையாகக் கடித்த தடங்கள் தெளிவாக உள்ளன. ஆசையாக என்று எழுதியிருந்தான். தேன் தடவியதை எழுதவில்லை.

ஒரு ஜனம் தன் பிள்ளை நன்றாக வளரட்டும் என்று கொடுக்கும் பொருளை இவன் தம்போயில் அறுத்து, பிறத்தியார் பிள்ளை வாயில் திணித்து, எச்சிலைக் காயவைத்து, அதற்குப் பழமை என்று பேர் வைத்திருக்கிறான். அதை வாங்குகிறவனும் அந்தக் கடியைப் பார்த்துத்தான் வாங்குகிறான். கண்ணாடிக்குள் வைத்து விருந்தாளிக்குக் காட்டுவான் போலிருக்கிறது. எனக்கு அருவருப்பாக இருந்தது. இதைவிட நாகரிகமான சொல் என்னிடம் இல்லை, சார்ஜன் அப்படியே எழுதட்டும்.

மணியத்திடம் அந்தச் சிவப்பு என்ன பெயிண்ட் என்று கேட்டேன். அவருக்கு அதைக் கேட்டதில் பெருமை. முகம் மலர்ந்து சொன்னார்.

"தம்பி டின் பெயிண்ட்டுதான் கொடுத்தாரும்மா. மத்த கலருக்கெல்லாம் அதையே பூசிட்டேன். ஆனா இது அந்த ஜனங்களுக்குச் சாமி தானே? அம்மன் மாதிரி, தாயார்னு சொன்னாரு. முகத்துல கடைப் பெயிண்ட்டு பூச மனசு வரல. ஆஞ்சநேயருக்குச் சாத்துறோம்ல, செந்தூரம், அதைக் கொழைச்சுப் பூசினேன். தம்பிகிட்டகூடச் சொல்லல. நல்ல சுத்தமான சாமான்."

செந்தூரம் என்று கடையில் விற்கும் சிலவற்றில் ஈயம் இருக்கிறது என்று கிளினிக்கில் வேலை செய்தபோது கேள்விப்பட்டிருக்கிறேன். நெற்றியில் வைத்த பெண்ணுக்குத் தோல் வெந்துபோய் வந்ததைப் பார்த்திருக்கிறேன். சாமிக்குப் போடுவது என்றால் அது வயிற்றுக்கும் நல்லது என்று நினைக்கிறது நம் ஆட்களுக்கே உள்ள பைத்தியம், எங்கள் கோயிலிலும் உண்டு, மந்திரித்த எண்ணெயைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மணியத்தின் மேல் எனக்குக் கோபம் முழுதாக வரவில்லை. அந்தக் கடையில் அந்தப் பொம்மையை மரியாதையாக நினைத்த ஒரே ஆள் அவர்.

"மணியம், இதையெல்லாம் சின்னப் பிள்ளைங்க வாயில வச்சுக் கடிச்சிருக்குங்க. என் வீட்டுல" என்றேன்.

"கண்ணாடிப் பெட்டியில வைக்கிற சாமான்னு தானேம்மா சொன்னாரு?"

நான் யஷ்வினியைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்ப் பின்படிக்கட்டு அருகில் சாக்கடையில் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து, செந்தூரப் பொட்டலத்தைப் பேப்பரோடு என் கையில் கொடுத்தார். நெற்றியில் இருந்த பொட்டைத் துண்டால் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்நேரம் டெஸ்மண்ட் வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். செந்தூரம் பூசியது தனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்தான். அதை நான் நம்புகிறேன், அவன் மேல் இல்லாத பழியைப் போடமாட்டேன். அதன் பிறகு நான் யஷ்வினி கடித்த பொம்மையைக் கேட்டேன், அவள் எதை எவ்வளவு விழுங்கினாள் என்று ஆஸ்பத்திரியில் பார்க்கவேண்டும் என்றேன். அது மேசைக்குக் கீழே அட்டைப் பெட்டியில், அனுப்பத் தயாராகப் பஞ்சு சுற்றி இருந்தது.

"அத்தை, ஆஸ்பத்திரி செலவு எவ்வளவானாலும் நான் பாத்துக்கிறேன். அது மட்டும் வேணாம்."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான். அப்படியானால் வேறு ஒன்றைக் கொடு என்றேன். எதைக் கொடுத்தாலும் ஆஸ்பத்திரியில் எழுதுவார்கள், கேள்வி வரும், கடை போய்விடும் என்றான். சரி, இதை மட்டும் ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டேன்.

"இவ கடிதான் அத்தை எல்லாத்துலயும் அழகா விழுந்திருக்கு. வாங்குறவரு காத்துக்கிட்டு இருக்காரு."

இதைச் சொன்னபோது அவனுக்கு வெட்கம் இல்லை. வேலைக்காரன் தன் வேலையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னான். நான் சோறு போட்டு வளர்த்தவன். நான் குனிந்து பெட்டியைத் திறந்து பொம்மையை எடுத்தேன். அவன் மறுமுனையைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. புலாய் மரத்துக்கு வலு கிடையாது, நீளவாக்கில் பிளந்துவிட்டது. ஒரு கன்னமும் பல் தடமும் உள்ள பாதி என் கையில் வந்தது. மணியம் கதவைத் திறந்து விட்டார், நான் படி இறங்கி வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் அவனை அடித்ததாகப் புகாரில் இருந்தால் அது பொய். அடித்திருக்கவேண்டும், கையில் பொம்மை இருந்ததால் அடிக்கவில்லை.

அந்தப் பாதியையும் பொட்டலத்தையும் டாக்டர் அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டிலும் ஈயம் இருப்பதாகச் சோதனையில் வந்தது. அதன் பிறகு என் வீட்டில் உள்ள மற்ற நான்கு பிள்ளைகளையும் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பேருக்குக் கொஞ்சம் இருக்கிறது, மருந்து தேவையில்லை, கவனிக்கவேண்டும் என்றார்கள். யஷ்வினிக்கு ஈயத்தை வெளியேற்றும் மருந்து ஏற்றுகிறார்கள். நேற்று பால் குடித்தாள், வாந்தி எடுக்கவில்லை. திரும்பத் தவழ்வாளா, பேச்சு ஒழுங்காக வருமா என்று கேட்டதற்கு, வளர வளரத்தான் தெரியும் என்றார்கள். தேன்மொழி இப்போது என்னோடு பேசுகிறாள். ஆனால் நான் பிள்ளையைத் தூக்கினால் அவள் பார்வை என் கை மேலேயே இருக்கிறது. அதற்கு அவளைக் குறை சொல்லமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது டெஸ்மண்ட் வாசலில் நின்றான். ஆஸ்பத்திரியில் உள்ள பாதியைக் கேட்டு வாங்கித் தந்தால் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னான். உடைந்ததை வைத்து என்ன செய்வாய் என்றேன்.

"ஒட்டிடலாம் அத்தை. வாங்குறவருகிட்ட பேசிட்டேன். ஒடைஞ்சு ஒட்டினதா இருந்தா இன்னும் பழசா தெரியுமாம், அவருக்கு அதுதான் வேணுமாம்."

பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. நான் கேட்டேன், பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்க உனக்குத் தோன்றவில்லையா என்று. அதற்கு அவன் கோபப்பட்டுச் சொன்னதை அவன் வார்த்தையிலேயே எழுதவேண்டும்.

"என்னமோ நான் விஷம் வச்ச மாதிரி பேசுறீங்க. உங்க வீட்டுல மட்டுமா கொடுத்தேன்? மத்த எடத்துல எல்லாம் பிள்ளைங்க நல்லாத்தான் இருக்கு."

எந்த இடம் என்று கேட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. காரில் ஏறிப் போய்விட்டான். அதன் பிறகு போன் எடுக்கவில்லை. மணியத்தைக் கேட்டேன், எத்தனை வீடு, எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. பொம்மைகள் பையில் வெளியே போகும், அவ்வளவுதான் தெரியும் என்றார். தான் செந்தூரம் பூசியதைத் தானே ஸ்டேஷனுக்கு வந்து சொல்வதாகவும் சொல்லியிருக்கிறார்.

சார்ஜன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார், அந்தப் பொம்மை சட்டப்படி டெஸ்மண்ட்டின் உடைமைதான் என்று ஒப்புக்கொள்கிறேனா என்று. மரம் அவனுடையது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள், கோர்ட்டுக்கு வரச் சொன்னால் வருகிறேன், மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டேன். ஆனால் அதற்கு முன் டெஸ்மண்ட்டை இந்த நாற்காலியில் உட்காரவைத்து, மற்ற வீடுகள் எவை என்று கேளுங்கள். யஷ்வினிக்கு வலிப்பு வந்தது என் மடியில், நான் கிளினிக்கில் இருந்தவள், காரில் போட்டு ஓடினேன். அந்த வீடுகளில் பல் முளைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் இங்கே கையெழுத்துப் போடும் இந்த நேரத்தில் யாரோ ஒரு பிள்ளை அதைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

நான் சொன்னதைச் சார்ஜன் எனக்குப் படித்துக் காட்டினார். இரண்டு இடத்தில் என் பேச்சைக் குறைத்து எழுதியிருந்தார், திருத்தச் சொன்னேன், திருத்தினார். இதில் உள்ளது எல்லாம் நான் கண்டதும் கேட்டதும் செய்ததும்தான். கூட்டிச் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை.

(ஒப்பம்)
ம. சூசையம்மாள்

எழுதிப் படித்துக் காட்டியவர்: சார்ஜன் மதிவாணன்